பதினொரு கோடுகள் கொண்ட எழுத்து

கீழ்க்கட்டளையில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் பட்டறைக்கு ஒரு பழைய ஜப்பான் மெஷின் லாரியில் வந்து இறங்கியது. இறக்கி வைத்த ஆறு பேரில் ஒருவருக்கும் அதன்மேல் எழுதியிருந்த ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவன். அதன் பிறகு சூரத்தில் சாயப்பட்டறை, மங்களூரில் ஐஸ் ஃபாக்டரி, ஓசூர்ப் பக்கம் கல் குவாரி, நடுநடுவே லாரி கிளீனர் என்று எங்கெங்கோ இருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால், அல்லது யாராவது குரலை உயர்த்தினால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பை சிறியது. அதனால் கிளம்புவது சுலபம்.

பட்டறையில் மருந்து பாட்டில் மூடிகளும் பக்கெட் கைப்பிடிகளும் செய்தோம். இருந்தவை இரண்டு கை மெஷின்கள். தலைக்கு மேலிருக்கும் நீளமான கைப்பிடியைப் பிடித்து உடம்பு முழுவதும் தொங்கி இழுத்தால்தான் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கும். எட்டு மாதம் இழுத்ததில் என் வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டுவதற்கே இடது கை உதவ வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இழுக்கிற வேலைய விட்டுடுங்க. இல்லன்னா இந்தக் கை தோளுக்கு மேல போகாது" என்றார். மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இழுத்தேன்.

புதிதாக வந்த மெஷினில் இழுப்பு கிடையாது. எண்ணெய் அழுத்தத்தில் அச்சு தானே மூடும், தானே திறக்கும். ஆளுக்கு வேலை பட்டன் தட்டுவதும் ஒரு சுவிட்சைத் திருப்புவதும்தான். அதை ஓட்டுகிற ஆளாக நான் ஆகிவிட்டால் இந்தத் தோளை வைத்துக்கொண்டே இங்கே இருந்துவிடலாம். இல்லையென்றால் மறுபடி பைதான்.

பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பல்லாவரத்துக்காரர், லேத் வேலையிலிருந்து மேலே வந்தவர். மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையின் சாமான்களோடு மொத்தமாக இதை எடுத்திருந்தார். எலக்ட்ரீஷியன் வந்து கரண்ட் கொடுத்தார். மோட்டார் உறுமியது. ஏதோ ஒரு பட்டனைத் தட்டியதும் அச்சு படாரென்று மூடியது, திறக்க எது என்று தெரியவில்லை. அரை மணி நேரம் எல்லோரும் பட்டன்கள் இருந்த பலகையைச் சுற்றி நின்றோம். பிறகு பாய் மெயினை அணைத்து, தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னார்.

"இதப் படிக்கிறவன் யாராச்சும் வந்தா, அவன்தாம்பா இதுக்கு டிரைவர்" என்றார் என்னைப் பார்க்காமல்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு, பலகையில் இருந்ததை ஓர் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். எழுத்தென்று நினைத்து அல்ல, படம் வரைகிற மாதிரி. வரைய வரைய ஒன்றைக் கவனித்தேன். ஒரே ஓர் எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. பலகையில் ஏழு இடத்தில் இருந்தது. இது: 動. கோடுகளை எண்ணினேன், பதினொன்று வந்தது.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில், டைப்ரைட்டிங், வீட்டுமனை, பைல்ஸ் சிகிச்சை நோட்டீஸ்களுக்கு நடுவே ஜப்பானிய மொழி வகுப்பு என்று ஒன்று ஒட்டியிருப்பதைப் பல நாளாகப் பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டையைச் சுருட்டிக்கொண்டு போனேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. காட்டாங்குளத்தூரில் காலேஜ் படிக்கிற பையன்களும் பெண்களும் பத்துப் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஞாயிறு மட்டும் இந்த வகுப்பு. மாணவர்கள் அவரை சென்செய் என்றார்கள். ஜப்பானில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"என்ன குவாலிஃபிகேஷன்?" என்று கேட்டார்.

"ஒம்பதாவது. அதுலயும் பாதி."

"ஓகே. நாங்க முதல்ல அகர வரிசை, அப்புறம் சின்னச் சின்ன வாக்கியம்னு போவோம். ஒரு வருஷம் ஆகும்."

"எனக்கு அவ்ளோ வேணாங்க. இந்த ஒரு எழுத்து போதும்" என்று அட்டையை விரித்தேன்.

முன் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். சென்செய் சிரிக்கவில்லை. அட்டையைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"எந்த மெஷின் இது? நீங்களா வரைஞ்சீங்க? கோடெல்லாம் தப்பான வரிசையில போட்டிருக்கீங்க, ஆனா ஒண்ணுகூட விடல."

அன்று அவர் சொல்லித்தந்தது இவ்வளவு. ஜப்பானியர்கள் சீனாவிலிருந்து வாங்கிக்கொண்ட இந்த மாதிரி எழுத்துகளுக்குக் காஞ்சி என்று பெயர். நம் எழுத்து ஓசையைக் காட்டும், இது பொருளைக் காட்டும். என் எழுத்துக்குள் இரண்டு எழுத்துகள் இருந்தன. இடது பக்கம் இருப்பது கனம். வலது பக்கம் இருப்பது பலம். கனமானதன் பக்கத்தில் பலத்தை நிறுத்தினால் அது அசைகிறது. அசைவு, இயக்கம், அதுதான் இந்த எழுத்து.

"இத எப்படிப் படிக்கறது?"

"அதான் கஷ்டம். ஒரே எழுத்த ரெண்டு விதமா படிக்கணும். தனியா வந்தா, பின்னாடி ஒரு வால் எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். அப்போ உகொகு. தானா அசையறது. அதையே நாம அசைச்சா உகொகஸு."

"ஓடு, ஓட்டு மாதிரியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கரெக்ட். வண்டி ஓடுது, வண்டிய ஓட்டறோம். காலேஜ் பசங்களுக்கு இத இங்கிலீஷ்ல சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு." பிறகு, "இன்னொரு எழுத்தோட சேர்ந்து வந்தா, வெறும் டோ. உங்க பலகையில எல்லாமே அப்படித்தான் இருக்கு" என்றார்.

ஷுடோ என்றால் கையால் இயக்குவது. ஜிடோ என்றால் தானே இயங்குவது. அதன் பின்னால் வண்டி என்கிற எழுத்தைச் சேர்த்தால் ஜிடோஷா, மோட்டார் கார். அசைகிற பொருள் டோபுட்ஸு, அதாவது விலங்கு. உடற்பயிற்சிக்கு உண்டோ. அசையாத என்று முன்னால் போட்டால் ஃபுடோ, அதனோடு சொத்தைச் சேர்த்தால் ஃபுடோசான். நிலம், வீடு.

"அசையாச் சொத்து" என்றேன்.

"அதேதான். தமிழ்லயும் அதேதான் இல்ல?" என்றார் ஆச்சரியமாக.

மேடவாக்கத்திலிருந்து வேங்கைவாசல் வரை அந்த வருடங்களில் எந்த வயலைப் பார்த்தாலும் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஜன்னலில் ஒவ்வொரு போர்டாகப் பார்த்து ஃபுடோசான், ஃபுடோசான் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். என்னிடம் இருந்தது அசையும் சொத்து. அதற்கு டோசான் என்று பெயர். அது கட்டிலுக்கு அடியில் ஜிப் போட்டு இருந்தது.

கோடுகளை வரிசை மாறாமல் எழுதிப் பழக ஒரு மாதம் ஆயிற்று. மேலே ஒரு சாய்வுக் கீற்று, அடியில் ஒரு படுக்கைக் கோடு, பெட்டி, பெட்டிக்குள் கோடு, ஊடே இறங்கும் ஒரு நெட்டுக்கோடு. சாக்குப் பையில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில், ரயிலில் உட்கார்ந்தால் தொடைமேல், விரலால் எழுதிக்கொண்டிருப்பேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுகிற அக்கா இதைப் பார்த்துவிட்டார். கடற்கரைக் குப்பத்துக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் மீன் வேலை. இவர் மட்டும் தலைச்சுமை வேண்டாமென்று இங்கே வந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

"இன்னாபா, தொடைல கோலம் போட்டுகினு கீற? கல்யாணமா?"

எழுதிக் காட்டினேன். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தாண்ட பாரு. ஒருத்தி தலைல கூடை மேல கூடை அடுக்கினு நிக்கறா. அந்தாண்ட ஒருத்தன் கால அகட்டினு சொம்மா நின்னு வேடிக்க பாக்கறான். எங்கூட்டுக்காரரு மாரியே கீது."

"அவன்தான் பலம் அக்கா. அவன் சேந்தாத்தான் அசையும்."

"ஆமா, அசைஞ்சான். கூடைய தூக்கினு நடக்கறது அவ. ஜப்பான்லயும் இதே கதைதானா?"

நாலைந்து ஞாயிறுகளில் பலகையில் இருந்த மற்ற சொற்களுக்கும் சென்செய் பொருள் சொல்லிவிட்டார். அச்சு மூடு. அச்சு திற. அவசர நிறுத்தம். பெரிய திருகு சுவிட்சின் மேல் மூன்று சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக எழுதியது. ஷுடோ, கையால். ஹன்-ஜிடோ, பாதி தானே: ஒரு தடவை அச்சு மூடித் திறந்து, நாம் பொருளை எடுக்கும்வரை காத்திருக்கும். ஜென்-ஜிடோ, முழுக்கத் தானே: காத்திருக்காது, மூடித் திறந்து மூடித் திறந்து ஓடிக்கொண்டே இருக்கும். புரட்டாசியில் ஷுடோவில் வைத்து முதல் பக்கெட் கைப்பிடியை எடுத்தோம். பாய் அந்தச் சூடான கைப்பிடியைக் கைக்குட்டையில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விஜயதசமி அன்னிக்கி பாதி ஆட்டோமேட்டிக்ல போடு. நல்லா ஓடிச்சுன்னா அன்னியிலேர்ந்து மெஷின் உன்னுது" என்றார்.

ஆயுத பூஜை எங்கள் பட்டறையில் பெரிய விஷயம். பாய் கிட்டே வரமாட்டார், ஆனால் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் அவர் வாங்கித் தருவதுதான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதல் பொரிப் பொட்டலத்தைப் பிரிப்பவரும் அவர்தான். அந்த வருடம் புது மெஷின்தான் மாப்பிள்ளை. அக்காதான் அலங்காரம். எண்ணெய்த் தொட்டி, மோட்டார், கதவு, பலகை என்று ஓரிடம் விடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததைப் பேருக்காவது ஓட்ட வேண்டும். எல்லோரும் சுற்றி நின்றார்கள். திருகு சுவிட்சின் முன்னால் போய் நின்றபோதுதான் பார்த்தேன். மூன்று சொற்களின் மேலேயும் மூன்று பெரிய பொட்டுகள். ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து காய்ந்த சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. ஹன்னும் ஜென்னும் மறைந்து, இரண்டிலும் மிச்சமிருந்தது ஜிடோ மட்டும்.

துடைக்கப் போனேன்.

"அய்ய, வெச்ச பொட்ட துடைக்காத. தானா உதுரணும்" என்றார் அக்கா.

அட்டை நான் தங்கியிருந்த அறையில் இருந்தது. அதிலும் சொற்களை எழுதியிருந்தேனே தவிர எது எந்தப் பக்கம் என்று குறித்திருக்கவில்லை. எல்லோர் கண்ணும் என்மேல் இருந்தது. எனக்குத் தெரியும் என்றுதான் அத்தனை பேரும் நம்பினார்கள். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கையால், பாதி, முழுசு என்று வரிசையாகத்தான் வைத்திருப்பான் என்று நானே முடிவுகட்டி நடுவில் திருப்பினேன்.

அச்சு மூடியது, திறந்தது. கைப்பிடி விழாமல் அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா கதவை நகர்த்தினார். கதவு திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. எலக்ட்ரீஷியன் கரண்ட் கொடுத்த அன்று சோதிக்கும்போது அதைக் கம்பி போட்டுக் கட்டியவர் அவிழ்க்காமலே போயிருந்தார். எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அக்கா பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு நெம்பினார். மெஷின் காத்திருக்கவில்லை. அச்சு மூடியது.

அவசர நிறுத்தத்தின் சிவப்புப் பட்டனை நான் அடித்தபோது பித்தளைக் கம்பி நடுவில் நசுங்கி வளைந்திருந்தது. அக்காவின் விரல்களுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் சத்தம் போடவில்லை. மெயினை அணைத்தார். "எனக்கு மெஷின் வாணாம்பா. கை வேணும். திங்கட்கிழம பழைய இரும்புக்காரன வரச் சொல்லிடறேன்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பையில் துணிகளை அடுக்கினேன். ஞாயிறு காலை தாம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து தெற்கே எந்த ரயில் கிடைத்தாலும் போவதாக எண்ணம். சென்செய் கொடுத்த கட்டம் போட்ட நோட்டு என்னிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறினேன். வகுப்பு தொடங்க நேரமிருந்தது. அவர் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார்.

நடந்ததைச் சொன்னேன். சந்தனப் பொட்டையும் சுவிட்சைக் கம்பியால் கட்டியவரையும் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அத படிச்சீங்களா, ஊகிச்சீங்களா?"

"ஊகிச்சேன்."

"அப்போ அது மெஷின் தப்பு இல்ல."

எனக்கு ரோஷம் வந்தது. பையைத் தூக்கினேன். அவர் வழியை மறைக்கவில்லை, நாற்காலி போட்டபடியே பேசினார். கம்பெனி வேலையாக மூன்று மாதம் ஜப்பானில் இருந்தாராம். அங்கே ரயில் ஓட்டுகிறவர் ஒவ்வொரு சிக்னலுக்கும் விரலை நீட்டி, தனியாக இருந்தாலும், வாய்விட்டுச் சொல்வாராம். ஃபாக்டரியிலும் அப்படித்தானாம். இருபது வருடம் வேலை பார்த்தவரும் சுவிட்சைத் தொடும் முன் அதைக் காட்டி, அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவாராம்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாமலா சொல்றாங்க? தெரியும்கறதாலதான் சொல்றாங்க. தெரிஞ்சவங்கதான் பாக்காம விட்டுடுவாங்க."

நோட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னும் பாதிப் பக்கம் காலியா இருக்கு" என்றார்.

படியில் இறங்கி ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினேன். கீழே தெற்கே போகிற ரயில் ஒன்று நின்றிருந்தது. அது கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கிழக்குப் பக்கம் இறங்கி, கீழ்க்கட்டளை பஸ்ஸில் ஏறினேன். இதற்கு முன் நான் தப்பு செய்த ஓர் இடத்துக்குத் திரும்பிப் போனதே இல்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். கதவுச் சுவிட்சிலிருந்து கம்பியை அவிழ்த்தேன். ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். நடுவில் இருந்தது ஜென். ஓரத்தில் இருந்தது ஹன். பாய் வந்ததும் நேராகச் சொன்னேன். "பாய், தெரியாமதான் திருப்பினேன். தெரியும்னு நடிச்சேன். மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"கை போயிருந்தா நீ குடுப்பியா?"

அக்கா சாப்பாட்டுத் தூக்கை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

"பாய், கை என்னுது. நான் பேசறேன்." என் பக்கம் திரும்பினார். "எனுக்கு அந்த மூணையும் படிக்கக் கத்துக்குடு. நான் பாத்து, நான் சொன்னாத்தான் நீ திருப்பணும். இல்லாங்காட்டி இந்த மெஷின்கிட்டயே வரமாட்டேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். கை என்கிற எழுத்தை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார். அடுத்து 半, பாதி. நடுவில் நெட்டுக்கோடு, குறுக்கே இரண்டு கோடுகள், மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீற்று.

"இதுக்கு இன்னாத்துக்குப் பாடம்? மீன நடுமுள்ளோட வகுந்து வெச்சா இப்டிதான இருக்கும். பாதி."

எனக்கு இரண்டு ஞாயிறு எடுத்த எழுத்து. முழுசு என்கிற எழுத்துக்கு மேலே கூரை இருந்ததால் அதை வூடு என்று வைத்துக்கொண்டார். "வூடு வந்தா வாணாம். மீனு வந்தா ஓட்டு. சரியா?"

அவர் விரலை நீட்டினார். "மீனு. ஹன்னு ஜிடோ."

நான் விரலை நீட்டினேன். "ஹன்-ஜிடோ." திருப்பினேன்.

அச்சு மூடியது, திறந்தது, நின்றது. நாங்களும் நின்றோம். மெஷின் அசையவில்லை. அக்கா கதவைத் திறந்தார், கைப்பிடியை எடுத்தார், கதவை மூடினார். அப்புறம்தான் அடுத்த சுற்று. பாய் தானே வந்து கதவை நடுவில் திறந்து பார்த்தார். உடனே நின்றது. நாலு தடவை திறந்து பார்த்தார். பிறகு நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

பழைய இரும்புக்காரர் பதினொரு மணிக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார் பாய். "எத ஏத்தணும் பாய்?" என்று கேட்டவரிடம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வளைந்துபோன பித்தளைக் கம்பியைக் கொடுத்தார்.

"இதுக்கா வண்டி எட்தாரச் சொன்னீங்க?"

"இன்னொரு நாளைக்கி இந்தக் கை மெஷின எட்துக்கோ" என்றார் பாய், நான் தொங்கி இழுத்துக்கொண்டிருந்ததைக் காட்டி.

அந்தப் பட்டறையில் ஐந்து வருடம் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எங்கேயும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. தோள் முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் இரண்டாவது வருடத்தில் கை காதைத் தாண்டி மேலே போயிற்று. சென்செய் கொடுத்த நோட்டை முடித்து இன்னொன்றும் வாங்கினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா சந்தனக் கிண்ணத்தோடு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகைப் பக்கம் போகவில்லை. கடைசியில் குனிந்து, தரையில் போல்ட் போட்டு இறுக்கிய நாலு இரும்புக் கால்களுக்கும் பொட்டு வைத்தார்.

"எங்கயும் எழுத்து இல்லியே? ஒரு தபா பாத்து சொல்லு" என்றார்.

விரலை நீட்டி, ஒவ்வொரு காலாகக் காட்டி, இல்லை, இல்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே சுற்றி வந்தேன்.